வாயைத் திறக்காத வள்ளியம்மை

அன்பு மகளே,

போன் இருக்கும்போது அம்மா எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று முதல் வரியிலேயே பயந்துவிடாதே. எனக்கு ஒன்றும் இல்லை. சர்க்கரை போன மாதம் எங்கே நின்றதோ அங்கேயே நிற்கிறது. மணிக்கட்டு வீக்கம் வற்றிவிட்டது. அப்பா போட்டில் சுகமாக இருக்கிறார், திங்கட்கிழமை பேசினார், மீன் பரவாயில்லையாம். போனில் நாம் பேசினால் என்ன நடக்கும் என்று உனக்கே தெரியும். நான் பேசிக்கொண்டே போவேன், நீ "ம்" கொட்டிக்கொண்டே இருப்பாய், கடைசியில் டியூட்டிக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிடுவாய். அதனால்தான் நோட்டில் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பெரிதாக்கிப் பார்த்துக்கொள். எனக்கு இப்போது இருக்கிற பரபரப்பில் நேராக எழுத வரவில்லை. நேற்றிலிருந்து கால் தரையில் பாவவில்லை மகளே. சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்காமல் இன்று மத்தியானச் சோறுகூட இறங்காது.

எல்லாம் ஒரு நாவலால் வந்த வினை. மணிக்கட்டு வீங்கியதும் டாக்டர் ஒரு மாதம் வலை ஊசியைத் தொடக்கூடாது என்று சொன்னாரே, அந்த மாதம் நான் வீட்டில் சும்மா இருந்தேன் என்றா நினைத்தாய்? இரண்டாம் நாளே வலைக்கூடத்துக்குப் போய்விட்டேன். பத்துப் பேர் வரிசையாக உட்கார்ந்து கண்ணி கண்ணியாக முடிச்சுப் போடுகிற இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வெட்கமாக இருந்தது. அப்போதுதான் மரியபுஷ்பம், அதுதான் உனக்குச் சின்ன வயதில் காது குத்தும்போது மடியில் வைத்துக்கொண்டாளே அவள், ஒரு வழி சொன்னாள். "ஏட்டி, ஒனக்குக் கைதான வய்யாது, வாய்க்கு ஒரு கொறையும் இல்லியே. எதையாவது வாசி. எங்க கை சோலி செய்யும், காது சும்மாதான கெடக்கு. ஒனக்க பங்கு வலைய நாங்க ஆளுக்கு ரெண்டு வரி கூடப் பின்னித் தாறோம்." கோயில் வாசகசாலையில் பழைய புத்தகங்களைக் கட்டிப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு தடித்த நாவலை எடுத்து வந்தேன். நல்ல நாவல் என்று தெரிந்து எடுத்ததில்லை. எழுத்து பெரிதாக இருந்தது, அவ்வளவுதான். முன்னட்டையும் முதல் தாளும் கிழிந்திருந்தன. பெயரும் தெரியாது, எழுதியவர் யாரென்றும் தெரியாது.

கதை சுசீந்திரம் பக்கத்து வயற்காட்டு ஊர் மாதிரி ஓர் ஊரில் நடக்கிறது. நாயகி பெயர் வள்ளியம்மை. நமக்கும் வயலுக்கும் என்ன சம்பந்தம், நாற்று எது களை எது என்று பார்த்தால்கூடத் தெரியாது. ஆனால் பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் வள்ளியம்மை எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டாள். அவ்வளவு கெட்டிக்காரி. பள்ளிக்கூடத்தில் முதலாவதாக வருகிறாள். ஆசிரியப் பயிற்சிக்கு இடம் கிடைத்துக் காகிதம் வருகிறது. அண்ணன் அந்தக் காகிதத்தை மடித்துப் பெட்டிக்கு அடியில் வைத்துவிட்டு, "வீட்டுல வேலை கெடக்கு" என்கிறான். வள்ளியம்மை என்ன செய்கிறாள் தெரியுமா? கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். அவள் மனதுக்குள் ஓடுவதை அந்த எழுத்தாளர் இரண்டு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அப்படியொரு கோபம், அப்படியொரு நியாயம். வக்கீல் கெட்டான் போ. இரண்டு பக்கம் முடிந்ததும் வாயிலிருந்து வருவது ஒரே ஒரு வார்த்தை. "சரி." அவ்வளவுதான். அடுத்த அத்தியாயத்தில் மாடு கறக்கிறாள்.

எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்லி முடியாது. புத்தகத்தை மடியில் அடித்துவிட்டு, "சொல்லித் தொலையேண்டி சவமே!" என்று கத்தினேன். கூடமே கத்தியது. அவளுக்குச் சேர வேண்டிய நிலத்தை விற்கிறார்கள், சரி. அவள் வளர்த்த கன்றுக்குட்டியை மாமன் ஓட்டிக்கொண்டு போகிறான், சரி. ஒவ்வொரு முறையும் நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்போம், இந்த முறை பேசிவிடுவாள், இந்த முறை விடமாட்டாள் என்று. மரியபுஷ்பம் கோபத்தில் முடிச்சை இறுக்கி இறுக்கி நைலானையே அறுத்துவிட்டாள். அதோடு நின்றாளா? குருசடியில் போய் வள்ளியம்மைக்காக மெழுகுதிரி கொளுத்தினாள். போன வாரம் நம் தெரு வீடுகளெல்லாம் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டம். சாமியாரும் வந்திருந்தார். அவரவர் தேவைகளுக்காக மன்றாடச் சொன்னதும் இவள் எழுந்து, "வீட்டாருக்க கையில கெடந்து சீரழியுத வள்ளியம்மங்குத பிள்ளைக்கு ஆண்டவர் பேச்சுக் குடுக்கணும்" என்று மன்றாடிவிட்டாள். கூட்டம் முடிந்ததும் சாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எந்த வீட்டுப் பிள்ளம்மா அது? நாளைக்கே போய்ப் பாக்கேன்" என்று கேட்டார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்துவிட்டேன்.

நீ சிரிப்பாய். சிரி. ஐம்பத்திரண்டு வயதில் உன் அம்மாவுக்குப் பிடித்த பைத்தியம் இது. தக்கலைக்குப் பஸ்ஸில் போகும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத பெண்ணிடம் வள்ளியம்மையின் அண்ணனைப் பற்றி நான் புலம்ப, அவளும், "அவன வீட்டுல ஏத்தப்பிடாது அக்கா" என்று ஆவேசமாகத் தலையாட்டினாள். இறங்கும்போதுதான் இது கதையில் வருகிற ஆள் என்று சொன்னேன். அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. இரண்டு நாள் மீன்குழம்பு அடிப்பிடித்தது. ஒரு நாள் உப்பு இரண்டு தடவை போட்டேன். வள்ளியம்மையின் தோளைப் பிடித்து ஓர் உலுக்கு உலுக்கினால்தான் எனக்குத் தூக்கம் வரும் போல இருந்தது.

இனி நேற்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். வள்ளியம்மையைப் பெண் கேட்டு வருகிற அத்தியாயம். மாப்பிள்ளை வீட்டார் முற்றத்தில் இருக்கிறார்கள். இவளுக்கு அதில் மனம் இருக்கிறதா இல்லையா என்பது இவளுக்கே தெளிவாகத் தெரியவில்லை. யோசிக்க நாலு நாள் வேண்டும் என்று மட்டும் நினைக்கிறாள். தட்டோடு வந்து நிலைப்படியில் நிற்கிறாள். உள்ளே மூன்று பக்கம் ஓடுகிறது. நான் வாசிக்க வாசிக்க ஊசிகள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. "பறையட்டி, நாலு நாள் வேணும்னு பறையட்டி" என்று மரியபுஷ்பம் முனகுகிறாள். வள்ளியம்மை தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். நேற்று நான் திட்டிய திட்டு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது. இவளுக்கு நாக்கு எதற்கு, இப்படிப்பட்டவளுக்கு என்ன நடந்தாலும் தகும், பரிதாபப்படவே கூடாது என்றெல்லாம் பொரிந்து தள்ளினேன்.

அப்போது அமலி தலையைத் தூக்கினாள். மூலையில் உட்கார்ந்து பின்னுவாளே, நாள் முழுக்க இருந்தாலும் பத்து வார்த்தை பேசமாட்டாளே, அந்த அமலி. "அக்கா, நான் ஒண்ணு கேக்கட்டா? இந்தப் புள்ள மிண்ட மாட்டேங்குதுன்னு எல்லாரும் ஏசுதிய. இவ்வளவு பக்கம் வாசிச்சாச்சே, அதுல எவராவது அவகிட்ட, ஒனக்கு என்ன வேணும்னு ஒரு வட்டமாவது கேட்டாவளா?" கேட்டுவிட்டு ஊசியை எடுத்துப் பின்னத் தொடங்கிவிட்டாள்.

கேட்டிருப்பார்கள், கேட்காமலா இருப்பார்கள் என்று நான் வீறாப்பாகப் பதில் சொன்னேன். ஆனால் மனது ஆறவில்லை. வீட்டுக்கு வந்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கையில் பென்சிலோடு முதல் பக்கத்திலிருந்து வாசித்த இடம்வரை புரட்டினேன். வள்ளியம்மையைப் பார்த்து யாராவது கேள்வி கேட்டால் கோடு போடுவதாகத் திட்டம். "தண்ணி பிடிச்சியா?" இருக்கிறது. "அண்ணன் வந்தாச்சா?" இருக்கிறது. சோறு போடட்டுமா, வெந்நீர் வைக்கட்டுமா என்று அவள் மற்றவர்களைக் கேட்பது பக்கத்துக்குப் பக்கம் இருக்கிறது. உனக்கு என்ன வேண்டும், நீ என்ன நினைக்கிறாய் என்று அம்மாவோ அண்ணனோ மாமனோ ஒருத்தர்கூட, ஓர் இடத்தில்கூடக் கேட்கவில்லை மகளே. அந்த எழுத்தாளர் எவ்வளவு பெரிய கள்ளன் பார்! இத்தனை நாளும் என்னை அவள் மேல் கோபப்பட வைத்துவிட்டு, மற்றவர்களைக் கண்ணில் படாமல் தாண்டவிட்டிருக்கிறார். நான் உட்கார்ந்த இடத்திலேயே கைதட்டினேன். ஒரு நாவலை இப்படியும் எழுத முடியுமா என்று அப்படி ஒரு சந்தோஷம். அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம் இருந்திருக்கும். அதற்குப் பிறகு உன் முகம் வந்து நின்றது.

உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று, மாப்பிள்ளையின் அம்மா நல்ல மனதோடுதான் கேட்டார்கள். "பிள்ள ஜெர்மன் பாஷ படிக்குதுன்னு கேள்விப்பட்டோமே, நர்ஸ் வேலைக்கு அங்க போற யோசன உண்டுமா?" நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "இல்ல, இல்ல. அதெல்லாம் விட்டாச்சு" என்றேன். நீ நேந்திரங்காய் வற்றல் தட்டோடு வாசலுக்கு வந்திருந்தாய். ஓர் அரை நொடி நின்றாய். பிறகு தட்டை வைத்தாய், சிரித்தாய், உள்ளே போனாய். நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்று இவ்வளவு நாளும் எனக்கே பொய் சொல்லிக்கொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் நாள் முழுக்க நின்றுவிட்டு, கால் வலியோடு திருவனந்தபுரத்தில் இன்னொரு பஸ் பிடித்து வகுப்புக்குப் போய், அந்தப் பரீட்சையில் முதல் தடவையிலேயே பாஸாகி, போனில் நீ துள்ளிய துள்ளலைக் கேட்டவள் நான். அதை விட்டாச்சு என்று சொல்ல எனக்கு யார் உரிமை தந்தது? அவர்கள் போன பிறகு, "என்ன மக்களே, சம்மதந்தான?" என்று கேட்டேன். அதையும் பாத்திரம் கழுவிக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் கேட்டேன். நீ "சரிம்மா" என்றாய். உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன் மகளே. நான் செய்தது தப்பு.

நியாயம் சொல்லவில்லை, ஆனால் எப்படி இப்படி ஆனேன் என்று நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன். நம் இனயம் ஊரில் ஆழ்கடலுக்குப் போகிற வீட்டுப் பொம்பளைகள் எல்லாருக்கும் இந்த வியாதி உண்டு. கல்யாணமான வருஷத்திலிருந்து உன் அப்பா கரையில் இருந்த நாட்களைச் சேர்த்தால் நாலைந்து வருஷம் தேறுமா? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தாலும், கூரை ஒழுகினாலும், பள்ளியில் சேர்த்தாலும் கேட்டு முடிவுசெய்ய ஆள் கிடையாது. சாட்டிலைட் போனில் அவர் சொல்வதெல்லாம், "எல்லாம் நீயே பாத்துக்க." பார்த்துப் பார்த்து, கேள்வி யாருக்கு வந்தாலும் பதில் என் வாயிலிருந்துதான் வரும் என்று ஆகிவிட்டது. நீ நர்ஸிங் சேரப் போன அன்று, இரணியல் ஸ்டேஷனில் ரயில் ஏறி உட்கார்ந்ததும் எதிரே இருந்த அம்மா உன்னைப் பார்த்து, "பேரென்ன மக்களே?" என்று கேட்டாள் ஞாபகமிருக்கிறதா? உன் பேரை நான் சொன்னேன். பதினெட்டு வயதுப் பெண்ணுக்குப் பேர் சொல்ல அம்மா வேண்டுமாம்! சின்னப் பிள்ளையில் கோயிலில் முதல் நன்மை வாங்கினாயே, அந்தப் புதுநன்மை உடுப்புக்குத் துணி எடுக்கப் போனபோதும் கடைக்காரர் உன்னைத்தான் கேட்டார், எந்தத் துணி பிடித்திருக்கிறது என்று. நீ வாயைத் திறந்தாய். "சாட்டின் வேண்டாம், பருத்தி எடுங்க" என்றேன் நான். நீ மூடிக்கொண்டாய். இன்றுவரை உனக்கு எந்தத் துணி பிடித்திருந்தது என்று எனக்குத் தெரியாது. ஊரெல்லாம், "ஒனக்க பிள்ள நல்ல அமைதி" என்று சொல்லும்போது நான் வேறு பூரித்துப்போவேன்.

சரி, இதெல்லாம் மண்டையில் ஏறியதும் நான் என்ன செய்தேன் தெரியுமா? செருப்பைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு சாமியார் பங்களாவுக்கு ஓடினேன். உன் கல்யாண ஓலையை இரண்டு ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வாசித்தாகிவிட்டது, இந்த ஞாயிறு மூன்றாவது. "இத்திருமணத்துக்குத் தடை இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கவும்" என்று வாசிக்கிறார்களே, அந்தத் தடையைத் தெரிவிக்கத்தான் போனேன். சாமியார் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வெளி பெஞ்சில் உட்கார்ந்து என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். "சாமி, எனக்க மவளுக்கு இதுல இஷ்டமில்ல, ஓலைய நிறுத்துங்க." சொல்லிப் பார்த்ததும் திக்கென்றது. இஷ்டமில்லை என்று எனக்கு யார் சொன்னது? லீவில் வந்திருந்தபோது மாப்பிள்ளை போன் செய்தால் நீ மொட்டைமாடிக்குப் போய்ச் சிரித்துச் சிரித்துப் பேசியதும் என் காதில் விழுந்திருக்கிறதே. ஒருவேளை உனக்கு அவனைப் பிடித்திருக்கலாம், ஜெர்மனி மட்டும் போக வேண்டியிருக்கலாம். ஒருவேளை ஜெர்மனியே அலுத்துப்போயிருக்கலாம். எனக்கு எதுவுமே தெரியாது. ஆனாலும் பார், உன் பதிலை மறுபடியும் நானே சொல்வதற்காக அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்திருக்கிறேன்! சாமியார் கையைத் துடைத்துக்கொண்டு வந்து, "என்னம்மா விசேஷம்?" என்றார். "ஒண்ணுமில்ல சாமி. மூணாவது ஓலை எந்தப் பூசையில வாசிப்பிய?" "ரெண்டாம் பூசையில." "சரி சாமி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு, கூடவே அழுகை. எதிரே வந்த மரியபுஷ்பம் காரணம் கேட்டாள். முதலில் மகளிடம் பேசிவிட்டுச் சொல்கிறேன் என்றேன். அவள் அப்படியே நின்றுவிட்டாள், நான் அப்படிச் சொல்லி அவள் கேட்டதே இல்லை.

வள்ளியம்மை மேல் எனக்கு இன்னும் கொஞ்சம் கோபம் பாக்கி இருக்கிறது, அதையும் மறைக்கவில்லை. கேட்காத வீட்டில் பிறந்தவள் கேட்கும்வரை காத்திருந்தால் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும். நீ அப்படி இருக்காதே. அவன் வீட்டுக்குப் போனாலும் சரி, எந்த ஊருக்குப் போனாலும் சரி, உன் பேரை நீ சொல். எவளாவது முந்திக்கொண்டு உனக்காகப் பதில் சொன்னால், அது நானாகவே இருந்தாலும், "நிறுத்து" என்று சொல். நாளைக்கு உனக்கு ஒரு பிள்ளை பிறந்து கடைக்காரர் அதனிடம் ஏதாவது கேட்டால், அது யோசித்து முடிக்கிறவரை நீ வாயைப் பொத்திக்கொண்டு நில். எனக்கு அதைக் கற்றுக்கொள்ள இவ்வளவு காலம் ஆகிவிட்டது. கடைசி நாற்பது பக்கத்தை இன்று வாசிக்கச் சொல்லி கூடத்தில் எல்லாரும் குதிக்கிறார்கள். மாட்டேன், இந்தக் கடிதம் போன பிறகுதான் என்று சொல்லிவிட்டேன். வள்ளியம்மைக்கு என்ன நடந்ததோ அது அச்சாகி முடிந்த கதை, அதில் நான் ஒன்றும் செய்ய முடியாது.

இன்று வியாழன். ஓலை வாசிக்க இன்னும் மூன்று நாள் இருக்கிறது. கல்யாணம் நடக்கட்டும் என்று நீ சொன்னால், மூன்றாவது ஓலையைக் கேட்க முதல் வரிசையில் போய் உட்காருவேன். கல்யாணமும் வேண்டும், வெளிநாடும் வேண்டும் என்றால், நாளைக்கே மாப்பிள்ளை வீட்டுக்குப் போய், "விட்டாச்சுன்னு நாந்தான் பொய் சொன்னேன், எனக்க பிள்ள சொல்லல" என்று அவர்கள் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். கல்யாணமே வேண்டாம் என்றால், சாமியார் வீட்டுப் பெஞ்சு எனக்குத் தெரிந்த இடம்தான், அப்பாவுக்கும் நானே போனில் சொல்லிக்கொள்கிறேன். ஊர் பேசும். பேசட்டும், நான் பேசாத பேச்சா? இன்னும் யோசிக்க நாள் வேண்டும் என்றாலும் சொல், ஓலையைத் தள்ளி வைக்கச் சொல்கிறேன். இதில் எது உன் பதில் என்று எனக்கு உண்மையாகவே தெரியவில்லை. நீ பிறந்ததிலிருந்து இப்படித் தெரியாமல் நான் உன் முன்னால் நின்றதே இல்லை. கொஞ்சம் பயமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

உனக்கு என்ன வேண்டும், மகளே?

அம்மா